நாலு பக்கத்துக்கும் ஒரு கம்பு

முப்பிடாதி களரிக்கு வந்து சேர்ந்தபோது நல்ல உச்சிவெயில். நிழல் காலுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும் நேரம். அந்த நேரத்தில் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள்கூட வருவதில்லை. அவள் வந்தாள். வழியெல்லாம் அவளுக்குப் பின்னால் ஒரு காலடிச் சத்தமும் வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் அதுவும் நடந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சிவேளையில் பின்னால் சத்தம் கேட்டால் திரும்பக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சையெல்லாம் அவள் நம்புகிறவள் இல்லை. திரும்பினால் எவன் நிற்பான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் திரும்பவில்லை.

களரி என்றால் சண்டைக் கலை பழகும் இடம்; ஆள் உயரத்துக்குத் தோண்டிய பள்ளம், மேலே பனையோலைக் கூரை. படி இறங்கியதும் காற்றின் சத்தம் அறுந்துபோனது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் தரைக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு பெண் எண்ணெய் காய்ச்சுவதற்கு இலை இடித்துக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி மீசைக்காரரைக் கும்பிட்டாள். "ஆசானே, எனக்குக் கலை படிக்கணும்."

"ஆசான் அங்க இருக்கா" என்று இலை இடிக்கிறவளைக் காட்டினார் அவர். "நான் தாணு. இங்க படிக்கிறவன். பொம்பளைப் பிள்ளை நீயே என்னைக் கும்பிட்டா, ஊர்க்காரன் எங்க போய் அவளைக் கும்பிடப்போறான்?"

முப்பிடாதிக்கு முகம் சுருங்கிப் போனது.

ஆசானின் பெயர் பொன்னுருவி. முப்பிடாதியைவிடப் பத்து வயது மூத்திருந்தால் அதிகம். அவள் உலக்கையை நிறுத்தாமலே கேட்டாள். "யாரை அடிக்கணும்?"

"யாரையும் அடிக்க வேண்டாம். ஊர்க்கூட்டத்துல நின்னு பேசணும். பேசி முடிக்கிறவரைக்கும் உசிரோட இருக்கணும். அதுக்கு எந்தக் கலை எடுக்கட்டும்?"

உலக்கை நின்றது.

முப்பிடாதி சொன்னாள். அவளுடைய அக்கா மாடத்தி புகுந்த வீட்டுக் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். கால் வழுக்கிவிட்டது என்றான் அக்கா புருஷன். ஆமாம் என்றது ஊர். கிணற்றுச் சுவரோ இடுப்பு உயரம்.

"வழுக்குற கால் கீழதான போகும்? இடுப்பு உசரம் ஏறிக் குதிக்குமா? இதை ஒரு ஆள் கேக்கலை ஆசானே. நான் அன்னிக்கு அந்த வீட்டு மாட்டுக்கொட்டில்ல நின்னேன். அவன் தூக்கிப் போட்டதைக் கண்ணால பார்த்தேன். அறுப்பு முடிஞ்சதும் ஊர் கூடும். நான் பேசுவேன். வாயைத் தொறந்தா வழியிலேயே முடிச்சிருவேன்னு அவன் சொல்லி விட்டிருக்கான். இப்பவே என் பின்னால நடக்கான்."

"பார்த்தியா?"

"கேட்டேன்."

பொன்னுருவி சுவரைக் காட்டினாள். கம்பு, கட்டாரி, சுருட்டி மாட்டிய நாக்குபோல ஒரு சுருள்வாள். அதற்கப்புறம் வெறும் சுவர். அந்த வெறும் இடம் அடிமுறைக்கு. அதற்குக் கையும் காலும் போதும்.

"உனக்கு எது?"

"கம்பு" என்றாள் முப்பிடாதி, யோசிக்காமல். "சுத்தினா நாலு பக்கமும் காவல். அடிமுறைன்னா எதிர்ல நிக்கிறவனை மட்டும்தான் பார்க்கலாம். என் பயம் எதிர்ல இல்லை, முதுகுல."

"ம்."

"ஆனா ஒண்ணு கேக்கணும். கையை ஓங்கினவன் அவன். அவனைக் கையை மடக்கி உக்காரப் படிச்சிட்டு வாடான்னு யாரும் எங்கயும் அனுப்பலை. நான்தான் வெயில்ல நடந்து வந்து படிக்கணும். இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லை."

"பின்னே எதுக்குக் களரி நடத்துறீங்க?"

"நியாயம் இருந்திருந்தா இந்தக் குழியை மூடிட்டு உப்பளத்துக்குப் போயிருப்பேன். அங்க கூலி கூட."

தாணு சிரித்தார். முப்பிடாதி சிரிக்கவில்லை. "இது பதில் இல்லை."

"இல்லைதான்" என்று பொன்னுருவி எழுந்தாள். "இங்க புதுசா வர்றவங்க கலையை வாயால தேர்ந்தெடுக்கிறதில்லை, காலால. மெழுகின ஈரத்துல இந்தப் படியிலேருந்து அந்த விளக்குவரைக்கும் நடக்கணும். நடுவுல திரும்பக் கூடாது. தடம் சொல்லும்."

"எனக்கும் சொல்லுச்சு மக்கா" என்றார் தாணு. "என் தடத்துல குதிகால் மட்டும்தான் விழுந்திருந்துச்சு. பின்வாங்குற காலாம். அதான் எனக்குப் பிடிமுறை. எவனையாவது கட்டிப் பிடிச்சுக்கிட்டா ஓட முடியாது பாரு."

இரண்டு பேரும் ஓரமாகவே நடந்து விளக்குப் பக்கம் போய் நின்றார்கள். முப்பிடாதி கால் கழுவிவிட்டு ஈரத்தில் மிதித்தாள். சாணி குளிர்ச்சியாக விரலிடுக்கில் ஏறியது.

சப்பென்று ஒரு சத்தம். அவள் கால்.

சப்பென்று இன்னொன்று. அவள் கால் இல்லை.

வெளியே உள்ள சத்தம் நுழையாத குழி. படியில் யாரும் இறங்கவில்லை. அவள் அடுத்த அடி வைத்தாள். பின்னால் அடுத்த அடி விழுந்தது. பிடரியில் ஈரக்காற்று தொட்டது. பாசி வாடை அடித்தது, வெகுநாள் இறைக்காத கிணற்றின் வாடை.

எதிரே தாணுவின் சிரிப்பு மெல்ல அவிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே" என்றாள் முப்பிடாதி.

"திரும்பாதே. நடந்து வா."

அவள் நடந்தாள். சத்தமும் கூடவே நடந்தது, அவசரமில்லாமல், ஓர் அடி பிசகாமல். விளக்கின் சூடு முகத்தில் பட்டதும் பின்னாலிருந்த குளிர் நின்றது.

"இப்போ திரும்பு."

களத்தில் ஆள் இல்லை. தடம் இருந்தது. அவளுடைய தடம் ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு தடம். ஆண்பிள்ளைக் கால் இல்லை, அவள் காலைவிடச் சிறிய கால். அதன் குதிகால் அவளைப் பார்த்திருந்தது. விரல்கள் படியைப் பார்த்திருந்தன.

"திரும்பின கால்" என்றார் தாணு. "பேய்க்குத்தான் அப்படி இருக்கும்பாங்க. ஆசானே, இந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிருங்க."

பொன்னுருவி குனிந்து ஒரு தடத்தின்மேல் விளக்கைப் பிடித்தாள். "பெருவிரலுக்கு அடுத்த விரலைப் பாரு."

அந்த விரலைச் சுற்றி ஈரத்தில் வளையம் பதிந்திருந்தது. இரண்டு காலிலும்.

மாடத்தியை மெட்டியோடுதான் எரித்தார்கள். தாலியை அறுக்காமல், மெட்டியைக் கழற்றாமல், மஞ்சள் பூசி. சுமங்கலியாகப் போனாள், கொடுத்து வைத்தவள் என்று ஊர்ப் பெண்கள் சிதை எரியுமுன்னே பேசிக்கொண்டார்கள். அன்று முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வழி முழுக்க அவன்னு நினைச்சேன்" என்றாள் இப்போது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எதுக்கு என்கூட வர்றா? என்னையும் கூட்டிட்டுப் போகவா?"

பொன்னுருவி விளக்கைத் தாணுவின் கையில் கொடுத்துவிட்டு, "எந்திரி" என்றாள்.

எழுந்தாள்.

"படியைப் பார்த்து நில்லு."

நின்றாள். பொன்னுருவி அவளுக்குப் பின்னால் வந்தாள். தன் முதுகை அவள் முதுகோடு ஒட்டினாள். இடித்த இலையின் வாசனையும் ஒரு மனுஷியின் சூடும் முப்பிடாதியின் முதுகில் ஏறின.

"நட."

மெழுகிய தரையில் மிதி படாத மறு ஓரமாக முப்பிடாதி படியை நோக்கி நடந்தாள். அவள் நடக்க நடக்கப் பொன்னுருவி விளக்கைப் பார்த்தபடி பின்னடியாகவே வந்தாள். முதுகு முதுகைவிட்டு விலகவில்லை. படிக்கு வந்ததும் இருவரும் நின்றார்கள்.

"தாணு, விளக்கை இங்க கொண்டு வாரும்."

அவர் ஓரமாகவே நடந்து கொண்டுவந்தார். வெளிச்சம் புதுத் தடத்தின்மேல் விழுந்தது. முப்பிடாதியின் கால் ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பொன்னுருவியின் கால், குதிகால் அவளைப் பார்த்து, விரல்கள் எதிர்ப்பக்கம் பார்த்து.

தாணு இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

முப்பிடாதி வெகுநேரம் அந்த மெட்டித் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரங்கள் காயத் தொடங்கியிருந்தன. தேரிக்காடு முழுக்க வந்த அந்தக் காலடிச் சத்தத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை காதுக்குள் கேட்டாள்.

பிறகு சுவரைப் பார்த்தாள். "ஆசானே, அப்போ கம்பு?"

பொன்னுருவி உலக்கையைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னாள். "பின்பக்கத்துக்கு மெட்டி போட்ட ஆள் இருக்கு. முன்பக்கத்துக்கு எது வேணும்னு சொல்லு."