போன வருஷத்து மழை

அந்த ஊருக்கு டவுன் பஸ் எட்டிப் பார்க்காத காலம். மண்கரைத் திட்டத்துக்கு வந்த இன்ஜினியர் தணிகாசலம் வரைபடத்தை விரித்தாலே ஊர் வாயை மூடிக்கொள்ளும். ஓடையை மறித்துக் கரை போடப்போகிறார், மிச்சத் தண்ணீர் வழிய ஒரு கலுங்கு கிடையாது. கரைக்குக் கீழேதான் மண் சுமக்கும் சீனியம்மாவின் கடலைக்காடு. கரை உடைந்தால் காடு அதோடு போச்சு.

"ஐயா, கலுங்கு வையுங்க. இல்லன்னா பெருமழைக்குக் கரை ஒடைஞ்சிரும்" என்றாள்.

"எங்கேம்மா, இப்பவே மழையைக் கொண்டாந்து ஒடைச்சுக் காட்டு பார்க்கலாம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"காட்டுறேன் ஐயா. போன வருஷத்து மழை பக்கத்து ஊர்ல இருக்கு. வாங்க."

வேடிக்கை பார்க்கும் ஆசையில் அவரும் கிளம்பினார். வழியெல்லாம் கொடுக்காப்புளி பறித்துத் தின்றபடி ஊரே பின்னால் நடந்தது.

அங்கே, போன வருஷம் இதே வரைபடத்தை வைத்து அவர் போட்டுவிட்டுப் பிறகு திரும்பியே பார்க்காத கரை, வண்டி நுழையும் அளவுக்கு உடைந்து கிடந்தது. ஓரத்தில் அவர் பெயர் வெட்டிய கல் மட்டும் அசையாமல் நின்றது.

"வாங்க ஐயா, உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்று அந்த ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தண்ணீர் எங்கே முட்டியது, எங்கே அரித்தது என்று ஆளாளுக்குக் காட்டினார்கள்.

"கல்லு நிக்குதே" என்றார் அவர்.

"தண்ணிக்குப் படிப்பு ஏது ஐயா? உங்க பேரை வாசிக்கத் தெரியாம பக்கத்துல புகுந்து போயிருச்சு" என்றாள் சீனியம்மா.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி தாயி, ரெண்டு ஊருக்கும் கலுங்கு கட்டுறேன். எடத்தை நீங்களே காட்டுங்க. இந்தக் கல்லை எங்க நடுறது?"

"நட வேண்டாம் ஐயா. கலுங்கோரமாப் படுக்கப் போடுங்க, துணி துவைக்க ஆகும்."

வீட்டுக்குக் குழாய் வரும்வரை பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தக் கல்லில்தான் துவைத்தார்கள். பெயரும் பளிச்சென்றே இருந்தது.