மண்டபத்துக்குள் மண்டபம்

ஈரோட்டில் ஒரு டயர்க் கடைக்கு மேலே மென்பொருள் கம்பெனி ஒன்று இருந்தது. அறிவைத் தவிர அங்கே எல்லா வசதியும் உண்டு. முதலாளி நல்லசிவம். அவருக்குக் கீழே வேலப்பன், குமரகிரி என்று இரண்டு மேதைகள்.

கல்யாண மண்டபக்காரர் பொன்னுரங்கம் அன்று சாயங்காலம் தன் மண்டபத்துக்காகச் செய்யச் சொன்ன மென்பொருளைப் பார்க்க வருவதாக இருந்தது. அது ஓடாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். நல்லசிவம் மாமனாரின் இரும்புக் கடைக்குத் திரும்பி ஆணி நிறுக்க வேண்டும். அதற்குப் பயந்து பாவம், அவர் காலையிலிருந்தே பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தார்.

முன்பதிவு, சமையல், பாத்திர வாடகை என்று மூன்று புராஜெக்ட். மூன்றையும் சேர்த்து ஓட வைக்க வேண்டிய பில்ட் கருவியோ அசைய மறுத்தது. சென்னை நண்பர் ஒருவர் போனில் வழி சொன்னார்.

"எதுவும் வெளியே சிதறிக் கிடக்கக் கூடாது. எல்லாம் ஒரு தாய் ஃபோல்டருக்குள்ள இருக்கணும். அப்பத்தான் ஓடும்."

உடனே 'மண்டபம்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து மூன்றையும் உள்ளே தள்ளினார்கள். வேலப்பன் முகம் மட்டும் வாடியிருந்தது.

"ஏனுங்ணா, மூணும் உள்ள போயிருச்சு. மண்டபம் வெளியே கிடக்குதுங்களே?"

இது தனக்குத் தோன்றவில்லையே என்று நல்லசிவம் தலையில் அடித்துக்கொண்டார். மண்டபத்தைப் 'பெரிய மண்டப'த்துக்குள் போட்டார்கள். அதை 'மிகப் பெரிய மண்டப'த்துக்குள் போட்டார்கள். இப்படியே போக, பெயரின் நீளம் தாங்காமல் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

"அது கிடக்கட்டும்" என்றான் குமரகிரி. "கம்ப்யூட்டரே மேஜை மேல வெட்டவெளியில இருக்குது. அதுக்குத் தாய் யாருங்ணா?"

மூவரும் கூடி யோசித்தார்கள். பீரோ என்று முடிவானது. தட்டுகளைக் கழற்றிக் கம்ப்யூட்டரை உள்ளே இறக்கினார்கள். வயர் எட்டவில்லை, பிளக்கைப் பிடுங்கினார்கள். திரை இருண்டது.

"ஒண்ணுமே தெரியலையேடா!" என்றார் நல்லசிவம்.

"உள்ள போனது வெளியே எப்படீங்ணா தெரியும்?" என்றான் குமரகிரி.

நியாயம்தான். ஆனாலும் மென்பொருள் ஓடக் காணோம். நல்லசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படி ஓடும்? புராஜெக்ட்டுல நாமளும்தான இருக்கோம்?" என்றான் வேலப்பன். "மூணு பேரும் வெளியே சிதறிக் கிடக்கறோம் பாருங்க!"

மூவரும் பீரோவுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வேலப்பனின் முழங்கால் நல்லசிவத்தின் மூக்கில் இடித்தது. ஆணி நிறுப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

படியேறி வந்த பொன்னுரங்கம் காலி அறையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"யாருப்பா இங்கே? என் மென்பொருள் ஓடுதா இல்லையா?"

பீரோவுக்குள்ளிருந்து நல்லசிவத்தின் குரல் பணிவாக வந்தது.

"வாங்கய்யா! எல்லாம் தயாருங்க. நீங்க ஒருத்தர்தான் இன்னும் வெளியே நிக்கறீங்க. கொஞ்சம் ஒடுங்கி உள்ள வந்துட்டீங்கன்னா ஓடிருமுங்க!"