வசியத்தில் செய்தது

கதிரேசன் சித்திரக்கதை எழுதுகிறவர். அவர் உண்டாக்கிய நாயகன் பெயர் இடிவீரன். ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்துவான், மேகத்துக்கு மேலே பறப்பான். மதுரையைச் சுற்றி அவனுக்காக மாதாமாதம் காத்திருக்கிற பிள்ளைகள் ஏராளம்.

அந்த மாதக் கதையில் வில்லன் இடிவீரனை மனவசியம் செய்துவிடுகிறான். கண்ணைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறான். இடிவீரன் போய் அணையை உடைக்கிறான். ஊர் வெள்ளத்தில் போகிறது. கடைசிப் பக்கத்தில் வசியம் தெளிகிறது. "நான் செய்யவில்லை, எனக்கு நினைவே இல்லை" என்கிறான். ஊரார் அவனுக்கு மாலை போடுகிறார்கள்.

படம் வரைகிற மரியசெல்வி அந்தக் கடைசிப் பக்கத்தை வரையவில்லை.

"அணை உடையறதை வரைஞ்சுட்டேன் சார். இந்த மாலைதான் கைக்கு வர மாட்டேங்குது."

"அவன் சுயநினைவோட செய்யலம்மா. வசியக் கதைன்னாலே இப்படித்தான் முடியும்."

"சரி சார். மாலையை யாரு போடறாங்க? வீடு போனவங்களா?"

கதிரேசன் வேறு மாதிரி எழுதிப் பார்த்தார். இடிவீரனைச் சிறையில் போட்டார். அதைப் படித்த மரியசெல்வி, "பாவம் சார், அவன் என்ன பண்ணினான்?" என்றாள். அவருக்கும் அப்படித்தான் பட்டது. அன்று முழுக்க ஒரு வரிகூட ஓடவில்லை.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி சற்குணம் மாஸ்டரைப் பார்க்கப் போனார்.

சற்குணம் மாஸ்டர் ஒரு காலத்தில் பொருட்காட்சி மேடைகளில் மனவசியம் செய்து காட்டியவர். எழுத வருவதற்கு முன் கதிரேசன் அவரிடம் சீடராக இருந்தார். வயதில் சீடர்தான் மூத்தவர். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றே சொல்லிக்கொள்வார்கள். மாஸ்டர் இப்போது ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே, காய்கறி நாற்று வளர்த்து விற்கிற அக்கா பவுனம்மாளோடு இருந்தார். அக்கா சந்தைக்குப் போயிருந்தாள்.

கதிரேசன் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"வசியத்துல இருக்கறவன் ஒண்ணு செஞ்சா, அது அவன் செஞ்சதா மாஸ்டர்? இல்ல, வசியம் வச்சவன் செஞ்சதா?"

மாஸ்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காந்து கண்ணை மூடிக்கறீங்களா?"

"எதுக்கு?"

"கேள்வி கேட்டீங்கல்ல."

கதிரேசன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மாஸ்டரிடம் அவர் எப்போதுமே சட்டென்று வசப்படுகிறவர். தாழ்ந்த குரல் காதில் விழுந்தது. மூச்சு நீண்டது. பிறகு அந்தக் குரலும் இல்லை.

கண் விழித்தபோது ஈர மண்ணில் மண்டியிட்டிருந்தார். இரண்டு கையிலும் வேரோடு பச்சைச் செடிகள். அவருக்குப் பின்னால் பாத்தி முழுக்க மொட்டையாகக் கிடந்தது. பிடுங்கியவை குவியல் குவியலாக வரப்பில் இருந்தன.

"என்னது இது?"

"மொளகா நாத்து" என்றார் மாஸ்டர்.

"நான் களைதானே பறிச்சுக்கிட்டு இருந்தேன்?"

"களைன்னு நான் சொன்னேன்."

"யாரு நாத்து?"

"அக்காவோடது."

"உங்களுக்கு என்ன பைத்தியமா மாஸ்டர்?"

அதற்குள் படல் திறக்கிற சத்தம் கேட்டது. பவுனம்மாள் உள்ளே வந்தாள். பாத்தியைப் பார்த்தாள். வரப்பைப் பார்த்தாள். தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தாள்.

"யாரு செஞ்ச வேலை இது?"

கதிரேசன் பதறி எழுந்தார். "அக்கா, நான் செய்யல. எனக்கு நினைவே இல்ல. மாஸ்டர்தான் என்னை…"

பவுனம்மாள் காதில் வாங்கவில்லை. குனிந்து ஒரு நாற்றை எடுத்து வேரைத் தடவிப் பார்த்தாள்.

"வேர் இன்னும் காயல. வெயில் ஏறினா ஒண்ணும் மிஞ்சாது." தம்பியின் பக்கம் திரும்பினாள். "உன்னைய அப்புறம் வச்சுக்கறேன்டா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தியில் குந்தினாள். மாஸ்டர் சாக்கை நனைத்து வந்து குவியல்கள் மேல் போர்த்தினார். பிறகு தண்ணீர் மொள்ளப் போனார்.

கதிரேசன் நின்றுகொண்டிருந்தார். தன்மேல் தவறில்லை என்று அவருக்குத் தெரியும். யாரும் அவரைக் குறை சொல்லவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மதுரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாற்றுகளின் நுனி துவளத் தொடங்கியிருந்தது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

"அப்படி அமுக்காதீங்க தம்பி" என்றாள் பவுனம்மாள். "விரலால குழி போட்டு, வேர் மடங்காம வைங்க."

அவர் வேர் மடங்காமல் வைத்தார். சில நாற்றுகளை அவள் எடுத்துப் பார்த்து, "இது போச்சு" என்று ஓரமாக எறிந்தாள். அவள் எறியும்போதெல்லாம் கதிரேசனின் கை ஒரு கணம் நின்று, பிறகு அடுத்ததை எடுத்தது. ஆறுதலாக அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

உச்சிக்கு முன்னால் பாத்தி நிரம்பியது. நடுநடுவே சொட்டை. பவுனம்மாள் நாற்றுக்கு நிழல் கட்டத் தென்னங்கீற்று எடுத்து வரப் பின்பக்கம் போனாள். கதிரேசனுக்கு முழங்கால் விறைத்துவிட்டது. நகக்கண்ணெல்லாம் மண்.

மாஸ்டர் பூவாளியோடு வந்து பாத்திக்குத் தண்ணீர் தெளித்தார்.

"இப்பவாவது சொல்லுங்க மாஸ்டர்" என்றார் கதிரேசன். "இது நான் செஞ்சதா, நீங்க செஞ்சதா?"

மாஸ்டர் தெளிப்பதை நிறுத்தவில்லை.

"அந்த ஓரத்துல ரெண்டு சாயுது பாருங்க. நிமித்தி வைங்க."