மடையும் கதவும்

கலிலேயாவில் பிறந்த சல்வாவுக்கு அரபியும் எபிரேயமும் ஒன்றுபோல வரும். பேச்சுவார்த்தைகளில் மொழிபெயர்ப்பது அவள் தொழில். இரண்டு தரப்பும் கைகுலுக்குவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

ஒரு மலைச்சரிவில் இரண்டு ஊர்கள். மேலே பாலஸ்தீனர்களின் ஊர், கீழே இஸ்ரேலியர்களின் ஊர். கீழூரார் வேலி போட்டுக் கதவைப் பூட்டியதால் மேலூராரின் ஆலிவ் தோப்பு வேலிக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. மேலூரார் ஊற்றுக் கால்வாயின் மடையை அடைத்ததால் கீழூராரின் பீச் மரங்கள் வாடின. எது முதலில் நடந்தது என்று கேட்டால் ஊருக்கொரு பதில் வரும்.

மேலூருக்காக நிம்ரும் கீழூருக்காக ஒடெடும் பேச வந்தார்கள். மூன்றாம் நாள் ஒடெட் சல்வாவைத் தனியே அழைத்தார். "தண்ணீர் வரட்டும். அடுத்த நிமிடமே கதவைத் திறக்கிறேன்." அவர் நகர்ந்ததும் நிம்ர் வந்தார். "கதவு திறக்கட்டும், மகளே. அடுத்த நிமிடமே மடையைத் திறக்கிறேன்."

சல்வா இருவருக்கும் தலையாட்டினாள். எபிரேயப் பிரதியில் "மடையும் கதவும் திறக்கப்படும்" என்று எழுதினாள். அரபிப் பிரதியில் "கதவும் மடையும் திறக்கப்படும்" என்று எழுதினாள். அவரவர் மொழியில் படித்து, தாம் கேட்ட வரிசையே இருக்கக் கண்டு மகிழ்ந்து, கையெழுத்துப் போட்டார்கள். ஒடெட் பாடினார், நிம்ர் மேசையில் தாளம் தட்டினார். சல்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை ஒடெட் கையில் சாவியோடு, வறண்ட வாய்க்காலைப் பார்த்தபடி நின்றார். நிம்ர் மடைப் பலகையில் கை வைத்து, பூட்டிய கதவைப் பார்த்தபடி நின்றார். ஒரு வாரம் இப்படியே போயிற்று. ஆலிவ் காய்கள் உதிரத் தொடங்கின. "ஏமாற்றிவிட்டார்கள்!" என்று இரண்டு ஊரும் ஒரே நாளில் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டன.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சாவியைத் திருப்பாத ஒடெடா, பலகையைத் தூக்காத நிம்ரா, இருவரையும் கையெழுத்துப் போட வைத்த சல்வாவா? ஒப்பந்தம் முறிந்தது யாரால்?

விடை: சல்வாவால். மற்ற இருவரும் தாங்கள் படித்த காகிதத்துக்கு உண்மையாகத்தான் இருந்தார்கள். இரண்டையும் படித்தவள் அவள் ஒருத்திதான். 'யார் முதலில்?' என்ற கேள்வியைத் தீர்க்காமல் மறைத்துவிட்டாள். இருவரையும் வேலிக்கு வரவழைத்து அவளே இதைச் சொன்னாள். ஒடெட் கத்த வாயெடுத்தார். அதற்குள் நிம்ருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதற்காகவா, மகளே, நாங்கள் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு நின்றோம்?" ஒடெடும் சிரித்துவிட்டார். 'வியாழன் காலை ஏழு மணி, இரண்டும் ஒரே நேரத்தில்' என்று அங்கேயே எழுதினார்கள். உதிர்ந்தது போக மீதிக் காய் அந்த வாரமே வீடு வந்து சேர்ந்தது.