மறுபரிசோதனை

“என்னைத் திரும்ப லேபுக்கே அனுப்பிருங்கம்மா” என்றாள் உலகம்மாள்.

மடத்தம்மா மடத்துத் திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏன்க்கா?”

“என்னால முடியல.”

மலைமேல் இருக்கும் மடம் அடிவாரத்தில் நடத்தும் ஆஸ்பத்திரி அது. லேபில் இருந்தவரை உலகம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை. ரத்தம் வரும், சோதிப்பாள், எண் வரும், எழுதிக் கொடுப்பாள். பொங்கல் முடிந்த கையோடு மடத்தம்மா அவளைக் கூப்பிட்டு, “இனி நிர்வாகத்தைப் பாருங்க” என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

மடத்தம்மா அவளைவிட வயதில் சின்னவள். ஆனாலும் காவி உடுத்தியவளைப் பேர் சொல்லியா கூப்பிட முடியும்? இவள் ‘அம்மா’ என்பாள். அவள் ‘அக்கா’ என்பாள். கேட்பவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

“லேபுல ஒரு சொட்டு ரத்தம்கூட என்கிட்ட மாத்திப் பேசினதில்லம்மா. சந்தேகமா இருந்தா திரும்பப் போடு, அதுதான் எனக்குச் சொல்லித் தந்த பாடம். திரும்பப் போட்டாலும் அதே பதில்தான் வரும். இங்க வந்து பாத்தா, மனுஷங்க கேக்கக் கேக்க ஒண்ணொண்ணு சொல்லுதாங்க.”

“யாரு சொல்லுதா?”

“எல்லாருந்தான்! லிஃப்ட் ஏன் ஓடலன்னு கேட்டா, எலக்ட்ரீஷியன் காலையில மோட்டாருங்கான். மத்தியானம் கேட்டா கரண்டுங்கான். சாயங்காலம் கேட்டா, ‘லிஃப்ட் நல்லாத்தான ஓடுது’ங்கான்.”

“ஓடுதா?”

“ஓடல!”

மடத்தம்மாவின் தோள் குலுங்கியது.

“சிரிக்காதீங்க. நான் இன்னைக்கு இசக்கியம்மாளை வேலையை விட்டு அனுப்பப் போறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

மடத்தம்மாவின் கை நின்றது.

இசக்கியம்மாள் ஆண்கள் வார்டு ஆயா. வார்டிலிருந்து லேபுக்கு ரத்தம் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். ஒருநாளும் ஒரு குழாயை உடைத்ததில்லை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அது உலகம்மாளுக்கும் தெரியும்.

நேற்று மத்தியானம் வார்டில் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவர் மகன் ஆபீஸுக்கு வந்து மேஜையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். யார் பொறுப்பு என்று இன்று சாயங்காலத்துக்குள் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“இசக்கியம்மாகிட்ட கேட்டீங்களா?”

“கேக்காம இருப்பேனா? ‘அவர் விழும்போது நீ எங்கட்டி இருந்த’ன்னு கேட்டேன். ‘டீ குடிக்கப் போயிருந்தேன்’னு சொன்னா.”

“சரி.”

“என்ன சரி? ஒரு தடவை கேட்டா ஆச்சா? நர்ஸையும் வாட்ச்மேனையும் பக்கத்துல வச்சுக்கிட்டுத் திரும்பக் கேட்டேன். ‘கட்டில் பக்கத்துலதான் நின்னேன்’ங்கா. இன்னைக்குக் காலையில மறுபடி கேட்டேன். ‘எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, என்ன வேணாலும் எழுதிக்கோங்க’ன்னு ஒரே அழுகை. மூணு தடவைக்கு மூணு பதில். லேபுல ஒரு மெஷின் இப்படிப் பண்ணினா தூக்கிக் கடாசிருவேன்.”

“சாப்பிட்டீங்களாக்கா?”

“ஆச்சும்மா. இப்பதான்.”

“சரி.” மடத்தம்மா ஒரு கொட்டையைத் தட்டில் போட்டாள். “பெரியவர் மகன் எப்படி? ரொம்பக் கத்துதானோ?”

“கத்தத்தான் செய்வான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல. பெத்த அப்பா…”

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சுன்னு சொன்னேம்லா. உள்ள மடைப்பள்ளியில. எலுமிச்சம்பழச் சாதம்.”

மடத்தம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். சமையல்காரி செண்பகம் கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

“நீ இங்கயே நில்லு. அக்கா, இப்ப சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?”

உலகம்மாள் செண்பகத்தைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

“என்னம்மா இது? நான் என்ன திருடியா தின்னேன்? ஒரு கரண்டிதான் போட்டுக்கிட்டேன். அதுவும் பாதியை இலையிலயே வச்சுட்டேன். இந்தா நிக்காளே, இவகிட்டயே கேளுங்க.”

“நான் பாக்கலம்மா” என்றாள் செண்பகம். “நான் கிணத்தடியில இருந்தேன்.”

“பாக்கலையாம்” என்றாள் மடத்தம்மா. “அக்கா, சாப்பிட்டீங்களா, இல்லையா?”

“இல்ல! சாப்பிடல! பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல! போதுமா?”

மலையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. உலகம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. செண்பகம் கரண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே நழுவினாள்.

“இதுல எதை நான் எடுத்துக்கட்டும்?” என்று கேட்டாள் மடத்தம்மா.

“முதல்ல சொன்னதைத்தான்! உங்ககிட்ட எதுக்கு நான் முதல்லயே பொய்…”

உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. யாரோ “வரலாம், வரலாம்” என்று கை காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“இருந்தாலும் வார்டைப் போட்டுட்டு டீ குடிக்கப் போனது தப்புதானம்மா?” உலகம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

“தப்புதான். போகும்போது யாரையாவது நிறுத்திட்டுப் போயிருக்கணும்.”

“ஆமா. அடுத்த ஆயாவை.”

“அடுத்த ஆயா யாரு?”

“மத்தியானத்துக்கு அடுத்த ஆயா கிடையாதும்மா. ரெண்டு பேர் சும்மாதான் உக்காந்திருக்காளுக, ஒருத்தி போதும்னு போன மாசம் நாந்தான் ஒருத்தியைக் குறைச்சு…”



மடத்தம்மா அடுத்த புளியம்பழத்தை எடுத்து ஓட்டை உடைத்தாள்.

உலகம்மாள் எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த புளிநாரைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“கிளம்பிட்டீங்களாக்கா?”

“அந்தப் பெரியவர் மகன் வாரதுக்குள்ள இசக்கியம்மாளைப் பாக்கணும்.”

“அவகிட்ட இன்னும் என்ன கேக்கப் போறீங்க?”

“கேக்கதுக்கு ஒண்ணுமில்லம்மா” என்றாள் உலகம்மாள். “சொல்லதுக்குத்தான் இருக்கு.”