விஷத்துக்குக் கொடுத்த சர்க்கரை

சுடர்மணி அம்மையார் ஒரு காலத்தில் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். பிறகு ஊருக்கு வெளியே சின்னதாக ஓர் ஆசிரமம் வைத்தார். அவருடைய சீடர்களில் ஒருவர் கோதண்டம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

ஒரு நாள் காலை கோதண்டம் கையில் பையோடு வந்து நின்றார்.

"ஊருக்குப் போறேம்மா. பத்தே கால் பஸ்."

"ஏன்?"

நடந்தது இதுதான். வேப்பெண்ணெய்க் கரைசல் என்று நினைத்து, களைக்கொல்லியை எடுத்து மக்காச்சோளத்துக்கு அடித்துவிட்டார். சமையல்கார இசக்கி அன்றைக்குப் பந்தியில் எல்லோர் முன்னாலும், "முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்ச மனுஷனுக்கு டப்பாவுல எழுதினதைப் படிக்கத் தெரியலையே" என்றார். பந்தியே சிரித்தது. அதன்பின் கோதண்டம் தோட்டப் பக்கம் போகவில்லை.

"பத்து நாளா அந்தச் சொல்லு உள்ளேயே கிடக்கும்மா. துப்பவும் முடியலை, முழுங்கவும் முடியலை. அதை என்ன செய்ய?"

அம்மையார் தோட்டத்துக்கு நடந்தார். பையோடு கோதண்டமும் போனார்.

களைகள் கருகிக் கிடந்தன. மக்காச்சோளம் பச்சையாக நின்றது.

கோதண்டம் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். "இதுவும் அதே விஷத்தைத்தானே குடிச்சுது?"

"அதேதான். செடிக்கு ஓடக் காலில்லை, துப்ப வாயில்லை. உள்ளே நொதிகள் இருக்கு. ஒண்ணு விஷத்துல கொக்கி மாட்டும். இன்னொண்ணு அந்தக் கொக்கியில சர்க்கரையைக் கோத்துவிடும். விஷம் சாதுவாயிடும். அப்புறம் உள்ளறையில வெச்சுப் பூட்டிடும்."

"சர்க்கரை யாரு கொடுக்கிறது?"

"அதுவே வெயில்ல நின்னு சமைச்சது. தன் சாப்பாட்டுல இருந்துதான் எடுக்கும்."

"விஷத்துக்கா?"

"விஷத்துக்குத்தான்."

கருகிய கோரையைக் கோதண்டம் காலால் தள்ளினார். "இதுக்கு அந்த நொதி இல்லையாம்மா?"

"இருந்திருக்கும். ரொம்ப மெதுவா கோத்திருக்கும்."

கோதண்டம் பையை வரப்பில் வைத்தார்.

"எனக்குச் சர்க்கரைன்னாலே டாக்டர் திட்டுவாரும்மா."

அம்மையார் சிரித்துவிட்டார்.

"பஸ் எத்தனை மணிக்குன்னீங்க?"

"பத்தே கால்."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே. சமையல்கட்டுல இசக்கி ஒத்தை ஆளா அஞ்சு கிலோ சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காரு."