சாம்பியின் வளைகாப்பு

அந்தக் காலத்தில் பூனைகளுக்கு வாய் ஓயாது. வீட்டு மனிதரோடும் பேசும், வேலியில் போகிற ஓணானோடும் பேசும். செங்கமலம் வளர்த்த சாம்பிக்கோ யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாவிட்டால் தூக்கமே வராது.

ஒருநாள் காலையில் அது அடுப்படிக்கு வந்து, "அக்கா, வயித்துக்குள்ள யாரோ உதைக்கிறாங்க" என்றது.

செங்கமலம் கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள். கல்யாணமாகி வந்த வீட்டில் நடக்கப்போகிற முதல் பிரசவம்! பிரம்புக் கூடையைக் கழுவிக் காயவைத்தாள். தன் பழைய நூல்புடவையை மடித்து உள்ளே விரித்தாள். கையால் அழுத்திப் பார்த்தாள். போதாது என்று தோன்றியது. கணவன் மாசானத்தின் வேட்டியும் கூடைக்குள் போனது.

"இருக்கிறதே அது ஒண்ணுதாண்டி நல்ல வேட்டி!"

"பிள்ளைத்தாச்சியைவிட வேட்டி பெரிசாக்கும்?"

அதோடு விட்டாளா? வளைகாப்பும் வைத்தாள். தெருப் பெண்கள் திரண்டு வந்து சாம்பியின் நெற்றியில் சந்தனம் இட்டார்கள். வளையல் காலில் நிற்காமல் கழன்று கழன்று விழவே, கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். வந்தவர்களுக்குப் புளிசாதம், சாம்பிக்கு நெத்திலி.

"எங்கேடி குட்டி போடப்போறே?" என்று எதிர்வீட்டு அங்கம்மா கேட்டாள்.

"அடுப்புக்குப் பக்கத்துல, பெரியம்மா! வேட்டி மெத்தை!" சாம்பி ஊருக்கே கேட்கும்படி சொன்னது.

கூரைமேல் படுத்திருந்த ஒற்றைக்காதுக் கடுவன் பூனைக்கும் அது கேட்டது. அடுத்தவன் குட்டியைக் கண்டால் கடித்துக் கொன்றுபோடும் கடுவன் அது.

மூன்று குட்டிகள் பிறந்தன. செங்கமலம் வீடு வீடாக ஓடிச் சர்க்கரை கொடுத்தாள். மறுநாள் உச்சிவேளையில் கூரை ஓடு ஒன்று மெல்ல நகர்ந்தது. இடுக்கில் ஒரு மஞ்சள் கண்.

"அக்கா, வளையலைக் கழற்று. சத்தம் காட்டிக் கொடுத்துடும்" என்று முணுமுணுத்தது சாம்பி. செங்கமலம் அவிழ்த்ததும் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு, மதில்மேல் நடந்து தொழுவத்துப் பரணுக்குப் போனது. இரண்டு போய்ச் சேர்ந்தன. மூன்றாவதோடு பாதி மதில் கடந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு அங்கம்மா எதிரே வந்தாள்.

"என்னடி சாம்பி, எங்கே போறே?"

கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாயாயிற்றே.

"வைக்கோல் பரணுக்கு, பெரியம்..."

வாய் திறந்தது. குட்டி விழுந்தது. மதிலடியில் கடுவன் பதுங்கியிருந்தது.

சாம்பிக்குப் பின்னாலேயே கீழே நடந்து வந்த செங்கமலம் முந்தானையை விரித்துக்கொண்டு பாய்ந்தாள். குட்டி துணியில் விழவும் கடுவன் தாவவும் சரியாக இருந்தது. முந்தானை கிழிந்தது. "அட பாவிப்பயலே!" என்று அங்கம்மா குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதன் தலையில் கொட்டினாள். கடுவன் தெறித்து ஓடியது.

முந்தானைக்குள் குட்டி 'ங்ஙீ' என்று கத்தியது. செங்கமலம் அழுதுகொண்டே சிரித்தாள்.

சாம்பி கீழே இறங்கி வந்தது. "பரணும் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு அக்கா. அங்கே இருக்கிற ரெண்டையும் மாத்தணும். எல்லாம் என் வாயால வந்தது. இனிமே இந்த வாய் பிள்ளையைத் தூக்க மட்டும்தான்."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. குட்டியைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. எங்கே என்று கேட்க வாயெடுத்த செங்கமலம், சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதைப் பார்த்து மற்றப் பூனைகளும் பேச்சை விட்டன. அன்று முதல்தான், எத்தனை மெத்தென்று கூடை தயார் செய்தாலும் பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டு நாம் நினையாத மூலையில் போய்க் குட்டி போடுகிறது. இடம் மாற்றி மாற்றித் தூக்கிப் போகிறது. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறே?" என்று நாமும் கேட்பதில்லை.